இலுப்பைத் தோப்பை ஏலம் விடாதீர்கள்: எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் ஈஸ்வரன் கோயில் தர்மகர்த்தா குழுத் தலைவர் ஐயாவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், நிர்வாக அதிகாரி அவர்களுக்கும்,

கோயிலின் தெற்குத் தோப்பில் நிற்கும் இலுப்பை மரங்கள் அத்தனையையும் வெட்டி எடுத்துக்கொள்ள ஏலம் விடப்போவதாகக் கோபுர வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். முப்பதுக்கு மேற்பட்ட மரங்கள். வைகாசி கடைசியில் ஏலம். மரம் போன இடத்தில் கல்யாண மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் வரும் என்கிறது அறிவிப்பு. மரங்களுக்கான விலையை விறகுக் கணக்கில், டன்னுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள். இந்த முடிவு தவறு. அதை எதிர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். அலுவலகத்தில் நேரில் வந்து சொன்னபோது "விறகு மரத்துக்குப் போய் ஏம்மா இவ்வளவு பேச்சு" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கான பதிலை ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதே சரி என்று பட்டது.

அறிவிப்பு தெலுங்கில் மட்டும் இருந்தது. நகரிப் பக்கத்து எல்லை ஊர் இது. வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், அரசாங்கக் காகிதத்தில் தெலுங்கு என்று பழகியவர்கள் நாங்கள். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போனது, எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தோடு நின்றது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. தெலுங்கு எனக்கு நன்றாகவே படிக்க வரும். ஆனால் இந்தத் தோப்பை ஆயுள் முழுக்கக் கூட்டிப் பெருக்கி, கொட்டை பொறுக்கி, அதில் வந்த காசில் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்த பாட்டிமார்களில் பலருக்கு அந்த எழுத்து தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் நான் படித்துச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரியும். தோப்பை நன்றாக அறிந்தவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு இது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

கோயிலுக்கு எதற்கு இலுப்பைத் தோப்பு? மின்சாரமும் மண்ணெண்ணெயும் வராத காலத்தில், கோயிலுக்கு ஆண்டு முழுவதும் விளக்கெரிக்க எண்ணெய் தேவைப்பட்டது. நெய் விளக்கு வசதியுள்ளவர் கட்டளை. அன்றாடம் சந்நிதியிலும் மடப்பள்ளியிலும் மாடத்திலும் எரிந்தது பெரும்பாலும் இலுப்பை எண்ணெய். பழைய கோயில் நிலங்களில் இலுப்பைத் தோப்பு இருப்பது அதனால்தான். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே பெயராகி, அங்குள்ள சிவன் கோயிலில் தலவிருட்சமாகவும் இந்த மரம் நிற்கிறது. நம் தோப்பை நட்டவர் யார் என்று கல்வெட்டு கிடையாது. எதற்காக நட்டார் என்பது மட்டும் என் தாத்தா காலம் வரைக்கும் நடப்பில் இருந்தது. வடக்குத் தெருவில் எங்கள் வீட்டில்தான் செக்கு ஓடியது.

ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். வௌவால் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். விடிவதற்கு முன்பே பெண்கள் கூடையோடு தோப்புக்குப் போவார்கள். கொட்டை பழுப்பாகப் பளபளவென்று இருக்கும், ஓடு மெலிது. வெயிலில் காய வைத்து, கட்டையால் தட்டி ஓட்டை நீக்கினால் பருப்பு இரண்டாகப் பிளந்து வரும். அதை மறுபடி காய வைத்துத்தான் செக்கில் போடுவது. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து எண்ணெய் கசந்துபோகும் என்று ஆயா ஒவ்வொரு பருப்பையும் கிள்ளிப் பார்ப்பாள். ஆட்டி எடுத்த எண்ணெய் வெளிர் மஞ்சள். மார்கழிக் குளிரில் கட்டியாக உறைந்துவிடும். திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னால் பித்தளைத் தூக்கை அடுப்போரம் வைத்து உருக்கி, தாத்தா கோயிலுக்குக் கொண்டுபோவார். பருப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நல்ல பருப்பானால் பாதி வரைக்கும்கூட எண்ணெய் உண்டு. மரச்செக்கில் அவ்வளவும் இறங்காது, கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கும்.

அந்தக் கணக்கில்தான் பங்கு பிரிந்தது. எண்ணெயில் கோயிலுக்கு ஒரு பங்கு, பொறுக்கிய பெண்களுக்கு ஒரு பங்கு, செக்குக்குக் கூலியாகப் புண்ணாக்கு. இதற்குப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. ஊர் அறிந்த வழக்கம், அவ்வளவுதான். செக்கு நின்று போன பிறகும் கொட்டை பொறுக்கும் வழக்கம் நிற்கவில்லை. வியாபாரி வந்து எடைபோட்டு வாங்கிப் போகிறார். ஆடி மாதத்தில் நெசவு வேலை குறையும்போது சில வீடுகளில் அடுப்பெரிவது அந்தக் காசில்தான். உங்கள் அறிவிப்பில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

புண்ணாக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "இந்த மரத்தால் என்ன வருமானம்" என்று உங்களில் ஒருவர் கேட்டார். அதை இடித்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்த தலையில் நுரைத்துக்கொண்டு அழுக்கை எடுக்கும். நுரைக்குக் காரணம் அதிலுள்ள சப்போனின். அதே சப்போனின்தான் மீனுக்கு விஷம். மீன் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் விறால், கெளுத்தி போன்ற இரைதின்னி மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைப் போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,500 கிலோ என்பது மீன்வளத் துறைக்காரர்கள் சொல்லும் அளவு. இரண்டு மூன்று வாரத்தில் விஷம் முறிந்து, மீதி உரமாகிவிடும். நாட்டிலேயே அதிகம் மீனும் இறாலும் வளர்க்கும் மாநிலம் நம்முடையது. வேண்டிய சரக்கு நம் தோப்பிலேயே விழுகிறது. மத்திய அரசு 2013-14-ல் காட்டு விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் கொண்டுவந்தபோது, முதல் பட்டியலிலேயே இலுப்பை விதை இருந்தது. ஆண்டுதோறும் விளைச்சல் தரும் மரத்துக்கு ஒரே ஒரு முறை விறகு விலை போடுவது கோயில் சொத்துக்கு லாபமா என்று உங்கள் கணக்கரையே கேட்டுப் பாருங்கள்.

இன்று சந்நிதியில் எரிவது கடையில் வாங்கும் பாட்டில் எண்ணெய். "விளக்கேற்ற மட்டும், சமையலுக்கு அல்ல" என்று அச்சிட்ட பாட்டில்கள் மடப்பள்ளி வாசலில் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் பிரதட்சணம் வருகிறோம். பஞ்சதீப எண்ணெய் என்று ஐந்து எண்ணெய் கலந்து விற்கிறார்களே, அதிலும் இலுப்பை ஒன்று. கோயிலுக்குச் சொந்தமான மரம் தரும் எண்ணெய்க்குக் கோயிலே காசு கொடுக்கிறது.

மரத்தின் பூவை நீங்கள் எல்லோரும் சிறுவயதில் தின்றிருப்பீர்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மொட்டு தொங்கும். மொட்டின் மேலுறை துருப்பிடித்த நிறத்தில் பட்டுப்போல் மயிர் படர்ந்திருக்கும். இரவில் விரிகிற பூ விடிவதற்குள் உதிரத் தொடங்கும். வெளிர் மஞ்சள் நிறத்தில் சதைப்பற்றாக, குட்டிக் குடத்தைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். இதழ் தனித்தனியாகப் பிரியாது. விரலால் நசுக்கினால் பாகு கசியும். உள்ளே இருக்கும் மகரந்தக் காம்புகளை உதறிவிட்டு வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னால் நாக்கில் ஒரு காரல், மூக்கில் ஏறும் கனத்த மணம். மணம் பிடிக்காதவர்கள் உண்டு, எனக்கு உயிர். ஆயா பூவை நிழலில் உலர்த்தி, எண்ணெய் விடாமல் வறுத்து, எள்ளோடு உரலில் இடித்து உருண்டை பிடிப்பாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிற பழமொழியை ஏதோ ஏளனம் போலச் சொல்கிறோம். பஞ்ச காலத்தில் வெல்லம் கண்ணில் படாத வீடுகளுக்கு அந்தப் பூதான் இனிப்பு, சில நாள் அதுதான் சோறு என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்த மண்ணுக்கு அந்நியமான மரமும் இல்லை இது. சங்கப் புலவர்கள் பாலை நிலத்து வழியைப் பாடும்போது, உதிர்ந்த இருப்பைப் பூவைத் தின்ன வரும் கரடியைப் பாடினார்கள். இருப்பை என்று அவர்கள் சொன்னதுதான் இலுப்பை, தெலுங்குக்காரர்கள் இப்ப என்பதும் இதைத்தான். தாவரவியலறிஞர் லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவருமான கோனிக் எழுதிய விவரத்தோடு 1771-ல் இந்த மரம் தாவரவியல் நூலில் ஏறியது. வடக்கே, மத்திய இந்தியக் காடுகளில், இதன் அகல இலை வகை பழங்குடி மக்களின் உணவும் சாராயமும் சடங்கும். அந்தச் சாராயத்தை அடக்கவென்றே 1892-ல் பம்பாய் மாகாணத்தில் இலுப்பைப் பூவுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கம் நிற்பது குறுகிய இலை கொண்ட தென்னக வகை. நம் பக்கத்தில் அதற்குக் காட்டை விடக் கோயிலே காவலாக இருந்தது. அந்தக் காவலை நீங்களே விலக்கிக்கொள்ளலாமா?

"ஒரு மரத்துக்குப் பத்துச் செடி நட்டுவிடுவோம்" என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எந்தச் செடி என்று கேட்டதற்கு, புது மண்டபங்களைச் சுற்றி வரிசையாக வைக்கிறார்களே, அந்தப் பச்சைச் செடி என்றாராம். அது கோனோகார்பஸ். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே கூடாது என்று தடை போட்டிருக்கிறது. நம் வௌவாலுக்கும் அது ஆகாது, பொறுக்க வரும் பெண்ணுக்கும் அதில் ஒன்றுமில்லை.

இலுப்பைச் செடியே நட்டாலும் கணக்கு நேராகாது. இலுப்பை விதை மற்ற விதைபோலத் தகர டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணைப் பார்க்க வேண்டும். முளைத்ததும் ஆணிவேரை ஆழமாக இறக்கும். பையில் நாள்பட வைத்தால் வேர் சுருண்டு, நட்ட இடத்தில் தேங்கி நிற்கும். வளர்ச்சியும் மெதுவு. காய்ப்புக்கு வரப் பத்து வருஷம்போல ஆகும். நல்ல காய்ப்புக்கு அதைப்போல் இரண்டு பங்கு. அதாவது நீங்கள் இன்று வெட்டினால், பொறுக்குவதற்குக் கொட்டை மறுபடி விழும்போது இப்போது பொறுக்கும் பாட்டிகளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எப்போது பொறுக்க வேண்டும், எந்த மரத்துக் கொட்டையில் எண்ணெய் அதிகம், எவ்வளவு காய வேண்டும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். பெயர்த்து வேறு இடத்தில் நடலாம் என்ற யோசனையும் வந்ததாம். இவ்வளவு பருத்த, இவ்வளவு ஆழம் வேர் போன மரத்தைப் பெயர்த்து நட்டுப் பிழைக்க வைத்த இடத்தை எனக்குக் காட்டுங்கள். பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. இலுப்பையை இந்த மண்ணில் பரப்புவது மனிதன் கையைவிட வௌவால்தான். பூ விரியும் இரவில் பழந்தின்னி வௌவால்கள் சதைப்பூவைத் தின்ன வந்து, முகத்தில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகின்றன. பழக்காலத்தில் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்தில் போய்த் தொங்கித் தின்று, கொட்டையை அங்கே போடுகின்றன. ஏரிக்கரையிலும், பாழுங்கிணற்று மேட்டிலும், வண்டிப்பாதை ஓரத்திலும் நிற்கிற இலுப்பைக் கன்றுகளை நட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? தோப்பில் தாய் மரங்கள் போனால், ஊரைச் சுற்றிப் புதிதாக இலுப்பை முளைப்பதும் அத்தோடு நின்றுவிடும்.

வௌவாலே வேண்டாம் என்பதுதான் உங்களில் சிலருடைய எண்ணம் என்றும் தெரியும். எச்சம் விழுகிறது, நாற்றம், அதோடு நிபா காய்ச்சல் பயம். 2018-ல் கேரளத்தில் நிபா வந்ததிலிருந்து வௌவாலைப் பார்த்தாலே கல் எறிகிறார்கள். பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் பேரப்பிள்ளைகளை வைத்திருப்பவள். வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. பொறுக்கிய கொட்டையைக் கழுவிக் காய வைக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதைச் சுகாதாரத் துறை வந்து பெண்களுக்குச் சொல்லட்டும், கையுறை கொடுக்கட்டும். மரத்தை வெட்டினால் வௌவால் செத்துப்போகாது. ஊருக்குள் இருக்கிற மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் வரும், அதாவது வீட்டு வாசலுக்கு வரும். தோப்பில் இருப்பதே நமக்கும் அதற்கும் நல்லது. வௌவால் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நம் ஊர் அவர்களை விடக் குறைந்ததா?

இரவில் தோப்பில் குடிக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். உண்மைதான், நானும் பாட்டில் உடைசலைப் பொறுக்கியிருக்கிறேன். அதற்கு வேலியும் ஒரு விளக்குக் கம்பமும் காவலுக்கு ஓர் ஆளும் போதும்.

மரத்தை விறகு என்று எழுதியது எனக்குத் தீராத வருத்தம். இலுப்பைக் கட்டை கனமானது, இறுகியது, தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாதது. வண்டிச் சக்கரம், வாசல் நிலை, கிணற்றில் நீர் இறைக்கும் கவலையின் உருளை எல்லாம் இதில் செய்தார்கள். கோயில் தேர் செய்ய ஸ்தபதிகள் தேடும் மரங்களில் இலுப்பை முக்கியமானது. நம் கோயில் சின்னத் தேரின் அடித்தட்டில் இருப்பதும் இலுப்பைதான். பழைய மரம் ஒன்று புயலில் சாய்ந்தபோது அதை அறுத்துச் செய்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாய்ந்ததை எடுத்தார்கள், நின்றதைத் தொடவில்லை. நாளைக்கு அச்சு முறிந்தால் நீங்கள் கன அடிக்கு விலை கொடுத்து வெளியூரில் இலுப்பை வாங்க வேண்டியிருக்கும். அந்த விலையையும் நீங்கள் போட்டிருக்கிற டன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கல்யாண மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் டவுனில் மண்டப வாடகை கொடுத்துக் கடனாளியாகிறார்கள். கோயில் மண்டபம் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான். ஆனால் அதற்கு இடம் தோப்பு மட்டும்தானா? பழைய நெல் மில்லுக்குப் பின்னால் கோயிலுக்குச் சொந்தமான நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தார் ரோட்டை ஒட்டிய இடம். அங்கே மண்ணடித்து மேடாக்கச் செலவாகும் என்பது உங்கள் ஆட்சேபம். ஆகட்டும். சீமைக் கருவேலத்தை விறகுக்கு ஏலம் விடுங்கள், அதில் ஒரு பகுதி வரும். மீதியை ஊரில் வசூலிப்போம், என் ஓய்வூதியத்திலிருந்து என் பங்கை முதல் ஆளாகத் தருகிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கத்திரி வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் நாளில், எங்கே நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள். சித்திரையில் மற்ற மரம் வாடும்போது இலுப்பை செந்தளிர் விட்டு நிழல் கட்டுகிறது. பந்தல் போட்டு அந்த நிழலைக் கொண்டுவர முடியாது.

சட்டத்தையும் கேட்கிறேன். ஆந்திரத்தில் 2002-ல் வந்த நீர், நிலம், மரங்கள் சட்டம், எல்லோரும் வால்டா என்று சொல்கிறோமே, அதன்படி மரம் வெட்ட முன் அனுமதி வேண்டும். வாங்கியிருக்கிறீர்களா? கோயில் சொத்து 1987-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்டது. மேலதிகாரியின் ஒப்புதல் எங்கே? அறிவிப்பில் இரண்டுக்கும் எண்ணோ தேதியோ இல்லை. பல்லுயிர்ச் சட்டம், அதுவும் 2002, ஊராட்சிக்கு ஒரு மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் வேண்டும் என்கிறது. நம் ஊர்ப் பதிவேட்டில் இந்தத் தோப்பு ஏறியிருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்டேன், தேடிச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. அதே சட்டத்தில் மரபுத் தலம் என்று அறிவிக்கவும் வழி இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்து நல்லூர்ப் புளியந்தோப்பு 2007-ல் நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. நம் மாநிலத்திலேயே, கதிரிப் பக்கம், ஏறக்குறைய ஐந்து ஏக்கருக்குப் படர்ந்த திம்மம்மா மர்ரிமானு என்ற ஒற்றை ஆலமரம் 1989-ல் கின்னஸில் ஏறியது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நம் தோப்பு அவ்வளவு பெரிதில்லை. அதன் அருமை அதன் வேலையில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

வைகாசி ஏலத்தை ரத்து செய்யுங்கள். தள்ளிவைக்கிறோம் என்று சொல்ல வேண்டாம். மரங்கள் இப்போது பிஞ்சு பிடித்து நிற்கின்றன, ஒரு கிளையும் வெட்டுப்படக் கூடாது. மண்டபத்தை நெல் மில் நிலத்துக்கு மாற்றுவது பற்றிப் பேச ஊர்க் கூட்டம் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்துக்கான அழைப்பும் இனிமேல் கோயில் ஒட்டும் எல்லா அறிவிப்பும் தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்தில் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு இடம் வேண்டும், ஓரத்தில் நிற்க அல்ல, முன்வரிசையில் உட்கார்ந்து பேச. அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகலை எனக்குக் கொடுங்கள், வாங்கவில்லையென்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

தோப்பை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, கோயில் சொத்துப் பதிவேட்டில் "விளக்குத் தோப்பு" என்று ஏற்றுங்கள். பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கவும், மரபுத் தலமாக்க மாநில வாரியத்துக்கு எழுதவும் ஊராட்சியோடு சேர்ந்து தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தை எழுதித் தர நானும், என்னிடம் படித்து இன்று சட்டம் படித்திருக்கிற பிள்ளைகளும் தயாராக இருக்கிறோம். பாட்டில் எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, நம் தோப்புக் கொட்டையைப் பெண்களிடம் விலைக்கு வாங்கி, ஆட்டிக் கொண்டுவந்து, மூலவர் சந்நிதி விளக்குக்காவது அந்த எண்ணெயை ஊற்றுங்கள். செக்கு பக்கத்து டவுனில் இன்னும் இருக்கிறது, செக்குக்காரரிடம் நான் பேசியாயிற்று, ஆட்டித் தருகிறேன் என்கிறார்.

கடைசியாக ஒன்று. ஆனி பிறந்ததும் கொட்டை விழத் தொடங்கும். முளைக்கிற விதைக்குச் சில வாரம்தான் ஆயுசு என்று மேலே சொன்னேன். இந்த ஆண்டு விழும் விதையில் நாற்று விட்டு, தோப்பில் பட்டுப்போன மரங்கள் நின்ற வெற்றிடங்களிலும் ஏரிக்கரையிலும் நடப் பள்ளிப் பிள்ளைகளோடு ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்குத் தோப்புக்குள் நாற்று மேடை போட இடமும், கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அனுமதியும் வேண்டும். இந்த இரண்டையும் வைகாசி முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் தெரு செக்கு வீட்டுப் பேத்தி,
ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை